குளிர்கால முகாமுக்குச் சுமை இழுக்கும் ஸ்லெட்டைத் தேர்ந்தெடுத்தல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கோடையில் ஒருவர் 12 முதல் 15 கிலோ எடையுள்ள முதுகுப்பையோடு இரண்டு நாள் முகாமை முடித்துவிடலாம். அதே இரண்டு நாளுக்கு ஜனவரியில் போவதென்றால் தடித்த உறக்கப் பை, ஒன்றுக்கு இரண்டாக விரிப்புகள், காற்றைத் தாங்கும் கூடாரம், மாற்றுடைகள், மண்வாரி, பனியை உருக்கிக் குடிநீராக்குவதற்கான கூடுதல் எரிபொருள், வழக்கத்தைவிட அதிக உணவு என்று சுமை 25 கிலோவைத் தாண்டிவிடும். தடித்த துணிக் கூடாரமும் தகர அடுப்பும் கொண்டுபோகிறவர்களுக்கு அது இன்னும் ஏறும். இவ்வளவையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஸ்னோஷூவில் (பனியில் நடப்பதற்காகக் காலணியின் அடியில் கட்டும் அகன்ற சட்டம்) நடந்தால் கால் ஆழமாகப் புதையும், உடல் வியர்க்கும், வியர்வையில் நனைந்த உடை, நடப்பதை நிறுத்திய சில நிமிடங்களில் உடலின் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். சுமையைப் பனியின் மேல் வைத்து இழுத்துச் செல்லும் வழக்கம் வடநாடுகளில் தொன்றுதொட்டு இருந்துவருவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கட்டுரை ஒன்ராறியோவின் நிலத்தை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ள அல்கோன்குவின் மாகாணப் பூங்கா 1893இல் நிறுவப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர். அதன் தென்பகுதியை ஊடறுத்துச் செல்லும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலை குளிர்காலத்திலும் பனி அகற்றப்பட்டுத் திறந்திருக்கும். அந்தச் சாலையோரத்தில் உள்ள மியூ லேக் முகாம் மைதானமும் குளிர்காலத்தில் இயங்குவதால், ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழர்களில் குளிர்கால முகாமை முயன்றுபார்க்க விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவது இயல்பு. கார் நிற்கும் இடத்திலிருந்து கூடாரம் அடிக்கும் இடம் வரை சிறிது தூரம் மட்டும் இழுப்பதும் முகாம்தான். உறைந்த ஏரிகளைக் கடந்து காட்டுக்குள் பல கிலோமீற்றர் இழுப்பதும் முகாம்தான். இரண்டுக்கும் வேண்டிய ஸ்லெட் வேறு வேறு.

புதியவர்களில் பெரும்பாலோர் ஸ்லெட்டின் நீளத்தையும் விலையையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஸ்லெட்டுக்கும் இழுப்பவரின் இடுப்புக்கும் நடுவே உள்ள இணைப்புத்தான் அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. மலிவான பிளாஸ்டிக் ஸ்லெட்டையும் நல்ல இணைப்பு இருந்தால் நாள் முழுதும் இழுக்கலாம். விலையுயர்ந்த ஸ்லெட்டைக் கையில் பிடித்த கயிற்றால் இழுத்தால் முதல் இறக்கத்திலேயே அது குதிகாலில் வந்து மோதும். ஆகவே கையில் உள்ள பணத்தைப் பங்கிடும்போது ஸ்லெட்டுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ, குறைந்தது அதே அளவை இணைப்புக்கும் ஒதுக்குங்கள்.

முதற்படி: சுமையை நிறுத்தும் பரப்பியும் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் கொண்டுபோகவேண்டிய பொருள்கள் அனைத்தையும் வீட்டில் ஒன்றுசேர்த்து, குளியலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவருக்கு 25 முதல் 35 கிலோ, கூடாரத்தையும் அடுப்பையும் இருவருக்காக ஒருவர் இழுப்பதென்றால் 40 முதல் 50 கிலோ என்று வருவது வழக்கம். ஐம்பதுக்கு மேல் போனால் பெரிய ஸ்லெட்டைத் தேடுவதைவிடச் சுமையைக் குறைப்பதோ, இரண்டு ஸ்லெட்டுகளாகப் பிரிப்பதோ புத்திசாலித்தனம். துருவப் பயணிகள் இதைவிட அதிகம் இழுக்கிறார்கள் என்பது உண்மை. 2022 ஜனவரியில் தென் துருவத்தைத் தனியாக அடைந்த பிரித்தானிய இராணுவ அதிகாரி பிரீத் சாண்டி ஏறக்குறைய 90 கிலோ சுமையோடு புறப்பட்டார். ஆனால் அவர் அதற்கு முன் நெடுங்காலம் கனமான டயர்களை இடுப்பில் கட்டி இழுத்துப் பயிற்சி செய்தவர். அவர் சென்ற வழியில் மரங்களும் இல்லை.

எடையைப் போலவே கன அளவும் முக்கியம். குளிர்காலப் பொருள்கள் எடையைக் காட்டிலும் அதிக இடத்தை அடைக்கும் தன்மையுள்ளவை. வரவேற்பறைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் 150 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் உள்ள ஒரு செவ்வகத்தை ஒட்டி, பைகளை அதற்குள் அடுக்கிப் பாருங்கள். அடுக்கு 40 செ.மீ. உயரத்துக்குள் அடங்கினால் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஐந்தடி ஸ்லெட் போதும். அதற்கு மேல் உயர்ந்தால் நீளமான ஸ்லெட் தேவை. உயரமாக அடுக்கிய ஸ்லெட் சரிவான தடத்தில் கவிழும் என்பதையும், ஒவ்வொரு முறை கவிழும்போதும் அதை நிமிர்த்துவதற்கு நீங்கள் இணைப்பைக் கழற்றிப் பின்னால் நடந்துபோக வேண்டியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: எந்தப் பனியில், எந்தத் தடத்தில் இழுக்கப் போகிறீர்கள்?

ஸ்லெட்டின் வடிவங்கள் எல்லாம் நிலத்திலிருந்து பிறந்தவை. கனடாவின் ஊசியிலைக் காடுகளில் பனி காற்றால் இறுகாமல் மென்மையாகவும் ஆழமாகவும் கிடக்கும். மரங்களுக்கு இடையே தடம் குறுகலாக இருக்கும். அங்கே வாழ்ந்த கிரீ, இன்னு, அனிஷினாபே மக்கள் பேர்ச், லார்ச் போன்ற மரங்களின் மெல்லிய பலகைகளை முன்பக்கம் ஆவியில் வளைத்து, நீண்டு குறுகிய டொபோகன்களைச் செய்தார்கள். ஆர்க்டிக் கடற்கரையில் காற்று பனியை அடித்து இறுக்கிவிடுவதால், இனுயிட் மக்களின் கோமாட்டிக் என்னும் ஸ்லெட், பனியில் வழுக்கி ஓடும் இரண்டு உயரமான ஓட்டத் தண்டுகளின் மேல் நிற்கிறது. ஸ்கண்டிநேவியாவின் சாமி மக்கள் கலைமான்களைக் கொண்டு இழுத்த புல்க், படகின் அடிப்பகுதியைப் போன்ற வடிவுடையது. இன்று நோர்வேயில் ஸ்கீ பலகைகளில் சறுக்கிக்கொண்டு போகிறவர்கள் இழுக்கும் ஃபைபர்கிளாஸ் புல்க்குகள் அதன் வழிவந்தவை. ஓட்டத் தண்டுள்ள ஸ்லெட்டை அல்கோன்குவின் காட்டுப் பனியில் இறக்கினால் தண்டுகள் புதைந்து, சுமை முழுவதும் குறுக்குச் சட்டங்களில் தட்டி நிற்கும். ஆகவே ஒன்ராறியோவில் தொடங்குகிறவர்கள் தட்டையான அடி உடைய ஸ்லெட்டுகளை மட்டும் கவனித்தால் போதும்.

பனியின் மேல் ஒரு பொருள் வழுக்குவதற்கு, உராய்வின் சூட்டில் அடியில் உருவாகும் மிக மெல்லிய நீர்ப்படலம் உதவுகிறது. குளிர் மிகக் கூடினால் அந்தப் படலம் சரியாக உருவாவதில்லை. பூச்சியத்துக்குக் கீழ் 25, 30 பாகைகளில் ஸ்லெட்டை இழுப்பது மணலில் இழுப்பது போலிருக்கும் என்று பழைய துருவப் பயணக் குறிப்புகள் முதல் இன்றைய பயணிகள் வரை எல்லோரும் சொல்கிறார்கள். மாறாக, பூச்சியத்தை ஒட்டிய நாள்களில் பனி ஈரமாகி அடியில் அப்பிக்கொள்ளும். இடைப்பட்ட குளிரே இழுப்பதற்கு இதமானது. அல்கோன்குவினில் ஜனவரி இரவுகள் பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகைக்கும் இறங்குவதுண்டு என்பதால், காலையில் இழுக்க மறுக்கும் ஸ்லெட் நண்பகலில் இலகுவாகிவிடுவதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை.

இழுக்கும் சிரமத்தில் பெரும்பங்கு மேட்டிலிருந்து வருகிறது என்பதைச் சிறு கணக்கு ஒன்று காட்டும். இறுகிய சமதளப் பனியில் உராய்வு சுமையின் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 40 கிலோ ஸ்லெட்டை இழுக்க 4 கிலோவைத் தூக்கும் அளவு விசை போதும். அதே ஸ்லெட்டை 10 பாகைச் சரிவில் ஏற்றும்போது புவியீர்ப்பு மட்டுமே கூடுதலாக 7 கிலோவுக்குச் சமமான விசையைக் கேட்கும். மொத்தம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். உராய்வை எவ்வளவு குறைத்தாலும் அந்த 7 கிலோ குறையாது. எனவே முதற் பயணத்துக்கு வழியைத் தேரும்போது தூரத்தைவிட ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். ஏரியோரமாக ஆறு கிலோமீற்றர் இழுப்பது, குன்றின் மேல் இரண்டு கிலோமீற்றர் இழுப்பதைவிட எளிது.

சறுக்கிச் செல்பவர்களுக்காக இயந்திரத்தால் சீரமைக்கப்பட்ட தடங்களில் ஸ்னோஷூவோடு நடக்கப் பூங்கா அனுமதிப்பதில்லை. வரைபடத்தில் அவை இலகுவான வழியாகத் தோன்றினாலும் உங்கள் வழி அவற்றைத் தவிர்த்தே அமைய வேண்டும்.

மூன்றாம் படி: வடிவத்தையும் பொருளையும் முடிவுசெய்யுங்கள்

தட்டையடி ஸ்லெட்டுகளில் ஒன்ராறியோவில் நடைமுறையில் மூன்று வகைகளைக் காணலாம்.

முதலாவது, ஏறக்குறைய ஐந்தடி நீளமும் இருபது அங்குல அகலமும் ஆறு அங்குல ஆழமும் உள்ள பிளாஸ்டிக் ஸ்லெட். பாரிஸ் எக்ஸ்பெடிஷன் என்ற பெயரில் விற்கப்படுவது இதில் பலரும் அறிந்தது. எடை மூன்று கிலோ அளவுதான், விலையும் குறைவு, கோடையில் கார் நிறுத்தும் அறையின் சுவரில் சாத்தி வைத்துவிடலாம். மிதிபட்ட தடம், ஏரி, முகாம் மைதானம் ஆகியவற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆழமான புதுப் பனியில் மட்டும் இதன் அகன்ற மூக்கு பனியைத் தள்ளிக் குவிக்கத் தொடங்கும்.

இரண்டாவது, ஏரிப் பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பவர்கள் பயன்படுத்தும் ஆழமான தொட்டி போன்ற ஸ்லெட். ஜெட் ஸ்லெட் என்ற வகை மீன்பிடிப் பொருள்கள் விற்கும் கடைகளில் எளிதில் கிடைக்கும். பிளாஸ்டிக் தடிப்பானது, சுவர் உயரமானது, பொருள்கள் வெளியே சிதறுவதில்லை. ஆனால் அகலமும் எடையும் அதிகம். இரண்டு அடிக்கு மேற்பட்ட அகலம் காட்டுத் தடத்தில் இரண்டு பக்கமும் இடிக்கும். காரிலிருந்து சிறிது தூரத்தில் முகாமிடும் குடும்பத்துக்கு இதைவிட வசதியானது இல்லை. காட்டுக்குள் போகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது, டொபோகன். இன்று பலகைக்குப் பதிலாக மூன்று மில்லிமீற்றர் அளவுத் தடிப்புள்ள, மிக உயர் மூலக்கூற்று எடை கொண்ட பொலியெத்திலீன் தகட்டில் செய்கிறார்கள். நீளம் 8 முதல் 10 அடி. அகலம் 12 முதல் 16 அங்குலம். ஸ்னோஷூ மிதித்த பள்ளத்துக்குள்ளேயே அடங்கி ஓடும்படி அந்த அகலம் அமைந்திருக்கிறது என்பதுதான் இதன் சிறப்பு. பத்தடி டொபோகனின் அடிப்பரப்பு ஒரு சதுர மீற்றரை நெருங்கும்; ஐந்தடி ஸ்லெட்டின் தட்டையான அடிப்பரப்போ அதில் ஏறக்குறைய பாதி. சுமை நீளவாக்கில் பரவுவதால் டொபோகன் குறைவாகப் புதைகிறது. முகப்பு ஒடுங்கியிருப்பதால் குறைவாகவே பனியைத் தள்ளுகிறது. தடம் இல்லாத ஆழ்பனியில் பல நாள் போகிறவர்களுக்கு இதுவே முறை. அதன் குறைகளும் நீளத்திலிருந்தே வருகின்றன: கூரைச் சட்டம் இல்லாத காரில் ஏற்றுவது கடினம்; பக்கச் சுவர் இல்லாததால் பொதியை ஒரு நீண்ட துணிப்பைக்குள் இட்டு இறுகக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

நோர்வே வகை ஃபைபர்கிளாஸ் புல்க்குகள் மூடியும் தண்டும் இடுப்புப்பட்டையுமாக ஒரே தொகுதியாக வரும். இறக்கங்களில் அவை நடந்துகொள்ளும் விதம் மிக நன்று. ஆனால் ஆயிரம் டொலரையும் தாண்டக்கூடிய செலவு என்பதால், குளிர்கால முகாம் தமக்குப் பிடிக்குமா என்றே இன்னும் அறியாதவர்கள் அதிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

பொருளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் குன்றில் சறுக்கி விளையாடும் மெல்லிய ஸ்லெட்டுகள் கடுங்குளிரில் சுமையோடு கல்லில் மோதினால் பிளந்துவிடும். உயர் அடர்த்திப் பொலியெத்திலீன் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையிலும் வளைந்துகொடுக்கும். விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். வளைந்து மெதுவாக மீள வேண்டும். கரகரவென்று ஓசை எழுந்தாலோ வளைந்த இடத்தில் வெளிறிய கோடு தெரிந்தாலோ அதை வைத்துவிடுங்கள்.

நான்காம் படி: இணைப்பு

சமமான ஏரியில் மட்டும் இழுப்பதென்றால் கயிறே போதும். மூன்று மீற்றர் நீளமுள்ள கயிற்றை இடுப்புப்பட்டையில் மாட்டி, நடுவில் ஓர் அடி நீள இறப்பர் கயிற்றைச் சேர்த்துக்கொண்டால் ஒவ்வோர் அடியிலும் இடுப்பில் விழும் வெட்டு குறையும். ஆனால் சிறு இறக்கம் வந்தாலும் கயிறு தளர்ந்து, ஸ்லெட் உங்களை முந்தப் பார்க்கும். ஒன்ராறியோவில் இறக்கமே இல்லாத வழி அரிது என்பதால், காட்டுக்குள் போகிறவர்கள் தொடக்கத்திலேயே தண்டு இணைப்பைச் செய்துகொள்வது நல்லது. தண்டு ஸ்லெட்டை உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் நிறுத்தி வைக்கும். இறக்கத்தில் அது பின்னாலிருந்து தள்ளுமே ஒழிய காலில் மோதாது.

தண்டுகளை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் இரண்டு ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியக் குழாய்கள் தேவை. ஹார்ட்வேர் கடையில் வெள்ளை பிவிசி குழாய் மிக மலிவாகக் கிடைக்கிறது, பலரும் அதை வாங்குகிறார்கள். ஆனால் அது கடுங்குளிரில் நொறுங்கும் தன்மையுள்ளது. வீட்டுத் தண்ணீர் இணைப்புக்குப் பயன்படும் பெக்ஸ் குழாய் குளிரில் அதைவிட நன்றாக வளைந்துகொடுக்கும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் எட்டு மில்லிமீற்றர் நைலோன் கயிற்றைச் செலுத்தி, ஒரு முனையை ஸ்லெட்டின் மூக்கிலுள்ள துளை வழியே உட்புறம் எடுத்து, பெரிய வாஷர் ஒன்றைக் கோத்து, 8 என்ற எண்ணின் வடிவில் அமையும் முடிச்சு ஒன்றைப் போடுங்கள். மறுமுனையில் ஒரு கண்ணி முடிந்து, அதில் கரபைனரை (திறந்து மூடும் வாயுள்ள உலோகக் கொக்கி) மாட்டுங்கள். கயிற்றின் நீளம் குழாயின் நீளத்துக்கு மட்டுமட்டாக இருக்க வேண்டும். முடிச்சைப் போட்டபின் குழாயின் வாய் ஸ்லெட்டின் மேல் அழுந்தி நிற்க வேண்டும். இரண்டு விரல் அளவு தளர்வு இருந்தாலும் ஒவ்வோர் அடியிலும் ஸ்லெட் முதலில் நின்று பிறகு இழுபடும், அந்த இடி மாலைக்குள் இடுப்பு வலியாக மாறிவிடும். ஈரமான நைலோன் கயிறு சற்று நீளும் என்பதால் முதல் நாளுக்குப் பின் முடிச்சை மறுபடி இறுக்குவது வழக்கம்.

இரண்டு தண்டுகளையும் குறுக்காக, வலப்பக்கத் தண்டு இடுப்பின் இடப்பக்கமும் இடப்பக்கத் தண்டு வலப்பக்கமும் வரும்படி மாட்டி, அவை சந்திக்கும் இடத்தைத் தளர்வாகக் கட்டினால், வளைவுகளில் ஸ்லெட் உங்கள் தடத்தை நெருக்கமாகப் பின்தொடரும். சறுக்கிகளில் (ஸ்கீ) போகிறவர்களுக்குப் பலகையின் வால் ஸ்லெட்டில் தட்டாதபடி தண்டு சற்று நீளமாக வேண்டும். ஸ்னோஷூவில் போகிறவர்கள் ஓரடி குறைத்துக்கொள்ளலாம்.

இடுப்புப்பட்டைக்குப் புதிதாகப் பணம் செலவழிக்க வேண்டும் என்பதில்லை. பழைய பெரிய முதுகுப்பையின் தடித்த இடுப்புப்பட்டையைக் கழற்றி, இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் மேல் வரும் இடத்தில் வலுவான நாடாக் கண்ணிகளைத் தைத்துக்கொண்டால் 30, 35 கிலோ வரை தாராளமாக இழுக்கலாம். அதற்கு மேல் தோள்பட்டை சேர்ந்த ஹார்னஸ் வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றத்தில் பட்டை கீழே வழுகி இறங்கும். எந்தப் பட்டையானாலும் தடித்த கையுறையோடு ஒரே அசைவில் அதைக் கழற்ற முடியவேண்டும். ஏரியில் பனிக்கட்டி உடைந்தால் ஸ்லெட்டோடு பிணைந்திருப்பது உயிருக்கே ஆபத்து. பட்டையின் பூட்டைக் கையுறை போட்டுக்கொண்டு கண்ணை மூடித் திறந்து பழகாமல் ஏரியில் கால் வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: துளைகளும் கயிறுகளும்

பிளாஸ்டிக் ஸ்லெட்டைக் குளிர்ந்த நிலையில் துளைக்கக்கூடாது. ஒரு நாள் வீட்டுக்குள் வைத்துச் சூடேறியபின், விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு செ.மீ. உள்ளே, பத்து மில்லிமீற்றர் அளவில் துளையிடுங்கள். துளையின் ஓரத்தில் எழும் பிசிறுகளைக் கத்தியால் வழித்து வட்டமாக்கிவிட்டால் கயிறு அறுபடாது. பிளவும் அங்கிருந்து தொடங்காது. ஒவ்வொரு பக்கமும் ஐந்து அல்லது ஆறு துளைகளை இட்டு, ஒரே கயிற்றை விளிம்பு நெடுக உள்ளும் வெளியுமாகக் கோத்துச் சென்றால், பொதியைக் கட்டுவதற்கான கண்ணிகள் தாமாகவே அமைந்துவிடும். பின்பக்கம் மூன்று மீற்றர் நீள வால்கயிறு ஒன்று அவசியம். செங்குத்தான இறக்கத்தில் இரண்டாமவர் அதைப் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்துவார்.

சரிவான தடத்தில் ஸ்லெட் பக்கவாட்டில் வழுகுவதைத் தடுக்க, அடியின் பின்பகுதியில் ஓரடி நீள அலுமினியக் கோணச் சட்டங்களைப் பொருத்துவோர் உண்டு. இறுகிய பனியில் அவை உதவும், ஆழ்பனியில் பயனில்லை, கல்லில் சிக்கும். முதற் பருவத்தை அவை இல்லாமலே கழித்துப் பார்ப்பது நல்லது.

ஆறாம் படி: பொதி கட்டுதல்

முதலில் ஸ்லெட்டைவிட இரு பக்கமும் அகலமான தார்ப்பாய் ஒன்றை விரியுங்கள். கனமானவை அடியில், நடுவுக்குச் சற்றுப் பின்னால் வரவேண்டும்: அடுப்பு, எரிபொருள், உணவு. மூக்கில் உறக்கப் பை போன்ற இலகுவானவற்றை வைத்தால்தான் அது பனியின் மேல் ஏறி ஓடும். எரிபொருள் புட்டியை உணவிலிருந்தும் உறக்கப் பையிலிருந்தும் தள்ளி, தனிப் பையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் அடுக்கியபின் தார்ப்பாயின் நீளப் பக்கங்கள் இரண்டையும் மேலே கொண்டுவந்து ஒன்றாக உருட்டி மடித்து, முன் பின் முனைகளை உள்ளே செருகி, விளிம்புக் கண்ணிகளுக்கிடையே கயிற்றைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள். கட்டி முடித்ததும் ஸ்லெட்டைப் பக்கவாட்டில் கவிழ்த்துப் பாருங்கள். எதுவும் நகரவில்லை என்றால் கட்டு சரி.

வெந்நீர்க் குடுவை, தடித்த மேலங்கி, தின்பண்டம், நெற்றி விளக்கு ஆகியவை கட்டை அவிழ்க்காமல் எடுக்கும்படி மேலே ஒரு சிறு பையில் இருக்கட்டும். நின்றவுடன் மேலங்கியைப் போட்டுக்கொள்வதற்கு ஐந்து நிமிடம் ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் விரல்கள் மரத்துவிடும். தீப்பெட்டி, வரைபடம், உலர்ந்த கையுறையும் காலுறையும், கைப்பேசி ஆகியவற்றை ஸ்லெட்டில் வைக்காமல் முதுகில் ஒரு சிறு பையில் சுமந்துகொள்ள வேண்டும். எந்தக் காரணத்தாலாவது ஸ்லெட்டை விட்டு வர நேர்ந்தால் உங்களிடம் எஞ்சியிருப்பவை அவைதாம்.

சிறு பிள்ளைகளைச் சுமையின் மேல் உட்காரவைத்து இழுக்கலாமா என்ற கேள்வியும் எழுவதுண்டு. கூடாது. இழுப்பவருக்கு வியர்க்கும் அதே நேரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு உடல் விறைத்துக்கொண்டிருக்கும். ஸ்லெட் கவிழ்ந்தால் சுமையும் மேலே விழும். பிள்ளைகளுக்கென்று இருக்கையும் காற்றுத் தடுப்பும் உள்ள தனிப் புல்க்குகள் இருக்கின்றன.

ஏழாம் படி: ஒத்திகை

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாவது முழுச் சுமையோடு இழுத்துப் பாருங்கள். பொருள்களை நனைக்க மனமில்லாதவர்கள் வீட்டிலுள்ள 20 இறாத்தல் அரிசிப் பைகள் மூன்றை அடுக்கிக் கட்டினால் ஏறக்குறைய 27 கிலோ வந்துவிடும். ஸ்காபரோவின் கிழக்கெல்லையில் உள்ள ரூஜ் தேசிய நகரப் பூங்காவில் நல்ல பனி விழுந்த மறுநாள் ஒரு மணி நேரம் ஏறி இறங்கினால், பட்டை எங்கே உராய்கிறது, தண்டு போதிய நீளமா, ஸ்லெட் எந்தப் பக்கம் சாய்கிறது என்பவை வெளிப்பட்டுவிடும். செங்குத்தான இடத்தில் இறங்கும்போது ஒரு தடித்த கயிற்றை ஸ்லெட்டின் மூக்குக்கு அடியில் குறுக்காக வளைத்துக் கட்டினால் அது பிரேக்காகப் பயன்படுவதையும் அங்கேயே பழகிக்கொள்ளலாம். சமதளத்துக்கு வந்ததும் அதைக் கழற்ற மறந்துவிட்டு, சுமை ஏன் கூடிவிட்டது என்று யோசித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

புதுத் தடத்தில் மணிக்கு இரண்டு கிலோமீற்றர் கிடைத்தால் நல்ல வேகம். ஜனவரியில் மாலை 5 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடுவதாலும், கூடாரம் அடிக்கப் பனியை மிதித்து இறுக்குவதற்கே நேரம் பிடிப்பதாலும், பிற்பகல் 2 மணிக்குள் இழுப்பதை முடிக்கும்படி திட்டமிடுங்கள். முதல் நாளுக்கு நான்கு கிலோமீற்றர் தாராளம்.

ஏரியில்

ஒன்ராறியோவில் ஸ்லெட் மிகச் சுகமாக ஓடுவது ஏரிகளில்தான், ஆபத்தும் அங்கேதான். தனியாக நடப்பவருக்குக் குறைந்தது 15 செ.மீ. தடிப்புள்ள பனிக்கட்டி வேண்டும் என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. தெளிந்த நீலக் கட்டிக்கே இந்தக் கணக்கு. பனி கலந்து உறைந்த வெண்ணிறக் கட்டி ஏறத்தாழ அதில் பாதி வலிமையே உள்ளது. ஆறு வந்து சேரும் வாய், ஏரி ஒடுங்கும் இடம், நீர் ஓடும் பாலத்தடி ஆகியவை எந்த மாதத்திலும் நம்பத்தக்கவை அல்ல. சிறு கோடரியால் கரையோரத்திலும், பின்னர் இடையிடையேயும் வெட்டித் தடிப்பை அளந்துகொண்டு போகவேண்டும். இருவர் சென்றால் இடைவெளி விட்டு நடக்க வேண்டும்.

ஏரியில் புதியவர்களைத் திகைக்கவைக்கும் இன்னொன்று பனிச்சேறு. மேலே விழுந்த பனியின் கனத்தால் கட்டி கீழே அழுந்த, வெடிப்புகள் வழியே நீர் மேலேறி, பனிப் போர்வைக்கு அடியில் உறையாமல் தேங்கி நிற்கும். வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை என்றாலும் அது உறைவதில்லை. ஸ்லெட் அதற்குள் இறங்கினால் நிற்காமல் இழுத்து வெளியேறுங்கள்; நின்றால் அடியில் ஒட்டிய ஈரம் கண்ணெதிரே வெளுத்து, சொரசொரப்பான ஓடாக இறுகிவிடும். அதன்பிறகு காலிச் ஸ்லெட்டும் நகராது. உலர்ந்த கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்க்காமல் ஸ்லெட்டைப் பக்கவாட்டில் சாய்த்து, கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும் பிளாஸ்டிக் கருவியால் அடியை முழுதாகச் சுரண்டுங்கள். ஒரு விரலகலத் திட்டு மீதியிருந்தாலும் இழுக்கும்போது தெரியும். கத்தியோ கோடரியோ வேண்டாம்; அவை போடும் கீறல்களில் அடுத்த முறை பனி இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும்.

வீடு திரும்பியபின்

கயிறுகளையும் பட்டையையும் கழற்றிச் சூடான அறையில் முழுதாக உலர்த்துங்கள். கரபைனரின் வாயில் ஈரம் தங்கியிருந்தால் அடுத்த பயணத்தில் அது உறைந்து திறக்க மறுக்கும். அடியில் உள்ள ஆழமான கீறல்களின் மேடான ஓரங்களைக் கூரிய தகட்டால் வழித்துச் சமப்படுத்தி, சறுக்கிகளுக்குப் பூசும் மெழுகைத் தேய்த்து வைக்கலாம். டொபோகன் தகட்டில் அதன் பயன் நன்றாகத் தெரியும், சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஓரளவே தெரியும். கோடை முழுதும் வெயில் படும் பின்முற்றத்தில் ஸ்லெட்டைப் போட்டுவைத்தால் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை வலுவிழக்கச் செய்யும். நிழலான இடத்தில் தட்டையாக வைத்து, மேலே கனமான எதையும் ஏற்றாமல் விடுங்கள். டிசம்பரில் எடுக்கும்போது துளைகளைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்து, மயிரிழை போன்ற பிளவு ஏதேனும் தட்டுப்பட்டால் அதன் முனையில் சிறு வட்டத் துளை ஒன்றை இட்டுவிடுங்கள். பிளவு அதற்கு மேல் ஓடாது.